புட்பக விமானமும் மரத்தாற் செய்த விமானமும்

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் கரையோர வீதி, முஸ்லிம் ஊர்களையும் தமிழ் ஊர்களையும் மாறிமாறித் தொட்டவாறு, அக்கரைப்பற்றைக் கடந்து, தம்பிலுவில், திருக்கோவில் வழியாக வினாயகபுரத்தை அடைகின்றது. இக்கரையோரத்தில் ஓர் ஓடாவி புதிதாய்த் தோணி கட்டினால், அது கடலில் இறக்கப்படும் வரை அதன் சிறப்பைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. இறக்கிய பின்னரே பேச்சுத் தொடங்கும். நீர் கசிகின்றதா, ஒருபுறம் சாய்கின்றதா, அலையை முகங்கொடுத்து ஏறுகின்றதா என்று பார்ப்பார்கள். குறையிருந்தால் கரைக்கு இழுத்து வந்து சீர்செய்வார்கள். எழுத்தறிவு குறைந்த மீனவனிடமும் இந்த ஒழுங்கு இருக்கின்றது. விஞ்ஞானம் என்று பெரிய பெயரிட்டு அழைக்கப்படுவதும் அடிப்படையில் இவ்வொழுங்கேயாகும்.

ஆனால், கற்றோர் கூடும் மேடைகளில் இவ்வொழுங்கு காணாமற்போய்விடுகின்றது. தமிழ்த்தின விழாவிலும் விஞ்ஞானக் கண்காட்சித் தொடக்கவுரையிலும் விமானம் என்ற சொல் எழுந்தவுடனே புட்பக விமானம் வந்து இறங்குகின்றது. மேலைநாட்டான் நேற்றுப் பறந்தான். முன்னோர் என்றோ பறந்துவிட்டனர் என்ற முழக்கத்துக்குக் கைதட்டல் கிடைக்கின்றது. எவரும் கடலில் இறக்கிப் பார்க்காத தோணிக்கு இத்தனை ஆரவாரம். அதே வேளையில், தென்னிந்தியாவிலே, பெங்களூரிலே, வாழும் மனிதர்கள் பலகையை இழைத்து ஒரு விமானத்தைச் செய்து, அதைப் பறக்கவிட்டு, அதன் குறைகளைக் குறிப்பெடுத்து, அதிலிருந்து ஆசியாவின் குறிப்பிடத்தக்க ஜெற் போர்விமானமொன்றை உருவாக்கிய வரலாறு தமிழ் மாணவருள் நூற்றுக்கு ஒருவருக்கேனும் தெரியுமா என்பது ஐயம். பொய்ப் பெருமைக்குச் செவிகொடுக்கும் சமூகம் மெய்யான உழைப்பை மறக்கின்றது என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டாகும்.

அரசு மேடையேறிய புராணம்

இது சில மேடைப் பேச்சாளரின் பலவீனம் மட்டுமே எனக் கொண்டு விட்டுவிட முடியாது. 2019ஆம் ஆண்டில் கட்டுநாயக்கவில் நடைபெற்ற மாநாடொன்றில், இராவணன் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இலங்கையிலிருந்து பறந்தான் என்று முடிவு கூறப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இராவண மன்னனின் வான்பயணம் பற்றிய ஆவணங்களும் நூல்களும் வைத்திருப்போர் அவற்றைத் தந்துதவுமாறு அரச தரப்பிலிருந்து பத்திரிகை விளம்பரமே வெளியாயிற்று. இந்தியாவிலும் நிலைமை வேறன்று. 2015ஆம் ஆண்டு ஜனவரியில் மும்பையில் கூடிய இந்திய விஞ்ஞான மாநாட்டிலே, பண்டைய விமானக் கலை பற்றிய கட்டுரையொன்று வாசிக்கப்பட்டு உலகப் பத்திரிகைகளின் நகைப்புக்கு இடமாயிற்று.

இத்தகையோர் பெரும்பாலும் சான்றாகக் காட்டுவது ‘வைமானிக சாத்திரம்’ என்னும் நூல். பரத்துவாச முனிவர் அருளியதாகக் கூறப்படும் இந்நூலைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐந்து ஆய்வாளர் 1974ஆம் ஆண்டிலேயே வரிவரியாக ஆராய்ந்தனர். அவர்கள் அதை எள்ளி ஒதுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நூலின் மொழிநடையை ஆராய்ந்தார்கள். அதன் வரலாற்றைத் தேடினார்கள். அதில் வரையப்பட்டிருந்த விமானங்களின் எடை, வடிவம், உந்துவிசை ஆகியவற்றைக் கணக்கிட்டார்கள். நூல் 1904ஆம் ஆண்டுக்கு முற்பட்டதன்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருவர் வாய்மொழியாகச் சொல்ல மற்றொருவர் எழுதியது, அதில் கூறப்பட்ட விமானங்களுள் எதுவும் பறக்கமாட்டாது என்பன அவர்கள் கண்ட முடிவுகள். நாற்பத்தோராண்டுகளுக்குப் பின்னர் மும்பையில் கட்டுரை வாசித்தவர்களை இந்த முடிவு தடுக்கவில்லை. மறுக்கப்பட்ட பொய் மீண்டும் எழுந்து நடமாடுவதற்குக் காரணம் அறியாமை அன்று, கைதட்டலே.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2019ஆம் ஆண்டில் இலங்கையின் முதலாவது சிறு செய்மதி விண்ணுக்கு அனுப்பப்பட்டது. ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுள்ள அதற்கு ‘இராவணா-1’ என்று பெயர். ஜப்பானின் கியூசு தொழினுட்ப நிறுவகத்திலே இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் பயின்று, சோதித்து, உருவாக்கிய கருவி அது. அந்தப் பெயரை அறிந்தவர் பலர். அந்தச் சோதனைகளை அறிந்தவர் சிலர். பெயரைக் காவியம் தந்தது. பறப்பைத் தந்தது பயிற்சி. எதைக் கொண்டாடுவது என்பதில் சமூகம் தவறிவிட்டது.

காவியத்துக்கும் அநீதி

காவியத்தை விஞ்ஞானமாக்குவோர் காவியத்தையேனும் ஒழுங்காகப் படித்திருக்கின்றனரா? இராமாயணக் கதைப்படி புட்பக விமானத்தை இராவணன் செய்யவில்லை. விசுவகர்மா அதைப் பிரமனுக்காகச் செய்தான். குபேரன் அதைப் பிரமனிடமிருந்து பெற்றான். இராவணன் குபேரனை வென்று பறித்துக்கொண்டான். கதையை அப்படியே வரலாறாக ஏற்றுக்கொண்டாலும், இலங்கை வேந்தனுக்குக் கிடைப்பது விமானம் பறித்தவன் என்ற பட்டமேயன்றி, விமானம் படைத்தவன் என்ற பட்டமன்று.

புறநானூற்றின் 27ஆம் பாடலை எடுத்துக்காட்டி, சங்கத் தமிழர் ஆளில்லா விமானம் இயக்கினர் என்று வாதிடுவோரும் உளர். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குக் கூறிய அறிவுரை அது. புலவர் பாடும் புகழுடையோர், செலுத்துவோன் இன்றியே செல்லும் ஊர்தியில் விண்ணுலகு புகுவர் என்பது அங்கு கூறப்படும் நம்பிக்கை. நிலையாமையையும் ஈகையையும் பேசும் அப்பாடலின் கருவை உதறிவிட்டு, ஒரு சொற்றொடரை மட்டும் கிள்ளியெடுத்துப் பொறியியல் சான்றிதழாக்குவது எவ்வகை இலக்கியப் பற்று?

சீவக சிந்தாமணியின் மயிற்பொறி இன்னும் சிறந்த எடுத்துக்காட்டாகும். சச்சந்தன் தச்சனைக் கொண்டு மயில் வடிவிலான பொறியைச் செய்விக்கின்றான். கருவுற்ற விசயை அதனைச் செலுத்தப் பழகுகின்றாள். ஆபத்துக் காலத்தில் அதிலேறித் தப்பி இடுகாட்டிலே இறங்குகின்றாள். அங்கேதான் சீவகன் பிறக்கின்றான். திருத்தக்கதேவரின் கற்பனை வியக்கத்தக்கது. ஆனால், அதில் உண்மையில் வியக்கவேண்டியது எது? பறக்கும் பொறிக்குச் செய்பவன் ஒருவன் தேவை என்பதும், செலுத்துபவருக்குப் பயிற்சி தேவை என்பதும் அக்கவிஞருக்குத் தெரிந்திருக்கின்றது. இன்றைய மேடைப் பேச்சிலோ தச்சனும் இல்லை, பயிற்சியும் இல்லை. மயில் மட்டும் பறக்கின்றது.

இந்நோய் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. முஸ்லிம் பாடசாலை மேடைகளிலே ஒன்பதாம் நூற்றாண்டுக் கோர்தோவாவின் அப்பாஸ் இப்னு பிர்னாஸ் பெருமையுடன் நினைவுகூரப்படுகின்றார். நினைவுகூரத்தக்கவரே. உடலிலே சிறகு பொருத்திப் பறக்க முயன்ற அவர், இறங்குகையில் அடிபட்டார்; பறவை வாலின் துணைகொண்டே இறங்குகின்றது என்பதை அவர் கருத்திற் கொள்ளாமையே காரணம் என்று பிற்கால வரலாற்றாசிரியர் அல்-மக்கரீ எழுதிவைத்தார். அந்த முழுக் கதையிலும் விஞ்ஞானமென்று சொல்லத்தக்க பகுதி இந்தக் கடைசிக் குறிப்பேயாகும். மேடைகளில் விடுபட்டுப்போவதும் இதுவே. பறந்தார் என்பதில் பெருமை; ஏன் விழுந்தார் என்பதில் அறிவு.

பின்சாய்ந்த சிறகின் கதை

ஏன் விழுந்தது என்ற கேள்வி எத்தகைய விலையைக் கேட்கும் என்பதற்குப் பின்சாய்ந்த சிறகின் வரலாறே சான்று. இன்று கட்டுநாயக்கவில் இறங்கும் பயணிகள் ஜெற் விமானம் எதனையும் அண்ணாந்து நோக்கினால், அதன் சிறகுகள் உடலுக்குச் செங்குத்தாக நில்லாமல் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைக் காணலாம். ஒலிவேகத்தை அணுகும்போது சிறகின் மேலாகப் பாயும் காற்று அதிர்ச்சி அலைகளை எழுப்பி, தடையைப் பன்மடங்காக்குகின்றது. சிறகைப் பின்னே சாய்த்துவிட்டால், அதனைச் செங்குத்தாகக் கடக்கும் காற்றின் வேகக்கூறு குறைகின்றது. 45 பாகை சாய்ந்த சிறகு, 100 என்ற வேகத்தில் வரும் காற்றை ஏறத்தாழ 71 என்ற வேகத்தில் வருவதாகவே உணர்கின்றது. பாடசாலைக் கோணகணிதத்தில் வரும் கோசைன் அட்டவணை போதும், இதைக் கண்டுகொள்ள.

ஜேர்மானியரான அடொல்ப் பூஸ்மன் 1935ஆம் ஆண்டு உரோமில் நடந்த வோல்ற்றா மாநாட்டில் இக்கருத்தை வெளியிட்டார். வந்திருந்த அறிஞர் பலர் அதனைப் பெரிதாய்க் கொள்ளவில்லை. பத்தாண்டுகள் கழித்து, இரண்டாம் உலகப்போரின் முடிவில், ஜேர்மன் ஆய்வுக்கூடங்களின் ஆவணங்கள் நேசநாடுகளின் கைக்கு வந்தபோதுதான் அதன் பெறுமதி உணரப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்கரான ரொபேட் ஜோன்சும் தாமாகவே இம்முடிவை அடைந்திருந்தார்.

கோசைன் அட்டவணை சொல்லாதது ஒன்றுண்டு. சாய்ந்த சிறகு வேகத்தில் நல்லது. மெதுவாகச் செல்கையிலோ நம்பத்தகாதது. காற்று சிறகின் நுனியை நோக்கி வழிகின்றது. நுனிகள் முதலில் உயர்த்துவிசையை இழக்கின்றன. பின்னால் அமைந்த நுனிகள் விசையிழந்தால் மூக்கு தானாக மேலெழுகின்றது. விமானி கட்டுப்பாட்டை இழக்கின்றான். இதைக் காகிதத்தில் முழுமையாக அறிய முடியாது. எனவே ஆராய்ச்சிக்கென்றே ஜெற் விமானங்கள் கட்டப்பட்டன.

பிரித்தானியாவின் டி ஹவிலன்ட் 108 அவ்வாறானது. கொமெற் பயணிகள் விமானத்துக்கு எத்தகைய சிறகு பொருந்தும் என்பதை அறியும் பொருட்டு, சாய்ந்த சிறகுடன், கிடைவால் இன்றி அமைக்கப்பட்டு, 1946ஆம் ஆண்டு மே மாதம் முதன்முதலாகப் பறந்தது. அதே ஆண்டு செப்ரெம்பரில், அந்நிறுவனத்தை நிறுவியவரின் மகனான ஜெப்ரி டி ஹவிலன்ட், இரண்டாவது விமானம் தேம்ஸ் கழிமுகத்தின் மேலே சிதறியதில் உயிரிழந்தார். 1948ஆம் ஆண்டில் மூன்றாவது விமானம் பாய்ந்திறங்கும் போது ஒலிவேகத்தைக் கடந்தது. 1950ஆம் ஆண்டு முடிவதற்குள் மூன்று விமானங்களும் அழிந்து, மூன்று விமானிகளைப் பலிகொண்டிருந்தன. அமெரிக்காவின் பெல் எக்ஸ்-5, பறந்துகொண்டிருக்கும்போதே சிறகின் சாய்வை 20 பாகையிலிருந்து 60 பாகை வரை மாற்றவல்லதாக 1951இல் பறந்தது. அதிலும் ஒன்று 1953இல் விமானியோடு வீழ்ந்தது. இன்று கட்டுநாயக்கவில் அமைதியாக இறங்கும் சிறகு இவ்வுயிர்களை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டதாகும். முன்னோர் இதையெல்லாம் அறிந்திருந்தனர் என்று ஒருவர் மேடையில் உரைக்கும்போது, அவர் முன்னோரை உயர்த்தவில்லை. இறந்த விமானிகளின் கணக்கை அழிக்கின்றார்.

பெங்களூர்த் தச்சர்

இப்போது பெங்களூருக்கு வருவோம். குர்ட் ராங் என்னும் ஜேர்மானிய வடிவமைப்பாளர் 1956ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் அங்குள்ள ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தார். நாசி ஆட்சியின் படைக்குப் போர்விமானங்கள் அமைத்தவர் அவர்; அதன் பின்னர் ஆர்ஜென்டீனாவில் சாய்ந்த சிறகு ஜெற் விமானமொன்றை அமைத்தவர். 1950இல் பறந்த அந்த ‘புல்கி’யின் சோதனைகளிலும் இரு விமானிகள் மாண்டனர், ஜெனரல் பெரோனின் வீழ்ச்சியோடு அம்முயற்சியும் ஓய்ந்தது. பெங்களூரில் அவரோடு பணியாற்றியவர்களுள் முதன்மையானவர் வி. எம். காட்கே. ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிராண்டிலிடம் பயின்று திரும்பி, இந்தியாவின் எச்ரி-2 பயிற்சி விமானத்தை அமைத்தவர் அவர்.

இவர்கள் ஒலிவேகத்தை விஞ்சும் சாய்ந்த சிறகுப் போர்விமானம் ஒன்றை அமைக்க முற்பட்டபோது, அதற்குரிய அதிவேகப் பெருங்காற்றுச் சுரங்கம் இந்தியாவில் இருக்கவில்லை. தேசிய வானூர்தி ஆய்வுகூடத்தின் 1.2 மீற்றர் சுரங்கம் 1967ஆம் ஆண்டிலேயே இயங்கத் தொடங்கிற்று. ஆகவே அவர்கள் எளிய வழியொன்றை மேற்கொண்டனர். அமைக்கவிருந்த விமானத்தின் முழு அளவிலேயே, அதே சிறகு வடிவத்துடன், எஞ்சின் இன்றி, மரத்தினால் ஈராசனக் கிளைடர் ஒன்றைக் கட்டினர். எக்ஸ்-241 என்பது அதன் பெயர். 1959ஆம் ஆண்டில் டக்கோட்டா விமானமொன்று அதனைக் கயிறு கட்டி இழுத்து வானத்தில் விட்டது. 78 முறை அது பறந்தது. சாய்ந்த சிறகு மெதுவேகத்தில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்ற, கணக்கு சொல்லாத கேள்விக்கு விடை இவ்வாறு தேடப்பட்டது. இறுதியில் ஒருமுறை மூக்குச் சக்கரம் வெளிவராமையால், இறங்குகையில் அது பெரிதும் பழுதுற்றது. அதற்குள் அது தன் கடமையை முடித்திருந்தது.

1961ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் திகதி, சுரஞ்சன் தாஸ் செலுத்த, எச்எப்-24 ‘மாருத்’ ஜெற் விமானம் முதன்முறையாக விண்ணில் எழுந்தது. வல்லரசுகளுக்கு வெளியே அத்தகைய விமானத்தை அக்காலத்தில் முயன்ற நாடுகள் மிகச் சிலவே. மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன. 1967 முதல் சேவையிலிருந்த அவை 1971ஆம் ஆண்டுப் போரில் இராஜஸ்தான் எல்லையில் தரைத்தாக்குதலில் ஈடுபட்டன. வான்போரில் ஒன்றேனும் வீழ்த்தப்படவில்லை. 1990ஆம் ஆண்டளவில் சேவையிலிருந்து முற்றாக விலக்கப்பட்டன.

‘தோல்வி’ என்னும் வாதம்

இங்கே ஒரு மறுப்பு எழும். மாருத் ஒரு தோல்வியல்லவா? ஒலியின் இருமடங்கு வேகத்தை எட்டும் நோக்குடன் அமைக்கப்பட்ட விமானம், ஒலிவேகத்தையே எட்டிப்பிடிக்கத் திணறியதல்லவா? தோற்றுப்போனதைக் காட்டி எவ்வாறு ஒரு சமூகத்துக்கு ஊக்கமூட்டுவது?

மாருத்தின் உடலும் சிறகும் தோற்கவில்லை. எஞ்சின் கிடைக்கவில்லை. திட்டமிடப்பட்டிருந்த வலிய ஓர்பியஸ் 12 எஞ்சினைப் பிரித்தானியா கைவிட்டது. அதை முழுமையாக்கும் செலவை ஏற்க இந்தியாவும் முன்வரவில்லை. எகிப்தில் பேர்டினன்ட் பிராண்ட்னர் அமைத்துவந்த எஞ்சினைப் பொருத்திப் பார்க்க மாருத் ஒன்று அங்கு அனுப்பப்பட்டது. 1969இல் அம்முயற்சியும் நின்றது. எஞ்சினின் வலுவைப் பெருக்கும் முயற்சி பெங்களூரிலேயே நடைபெற்றது. 1970ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்வாறான விமானமொன்றைச் செலுத்துகையில் சுரஞ்சன் தாஸ் உயிர்நீத்தார். தோல்வி என்ற ஒற்றைச் சொல் இவ்வளவையும் மூடிமறைக்கின்றது. சிறந்த சிறகை அமைத்தாலும், எஞ்சினுக்குப் பிறர் கையை எதிர்பார்த்திருக்கும் நாடு உயரப் பறக்காது என்பது மாருத் கற்பித்த பாடம். இதைப் புட்பக விமானத்திடமிருந்து எவராலும் கற்க முடியாது. ஏனெனில், புட்பக விமானம் ஒருபோதும் பழுதடைவதில்லை.

உண்மையான தோல்வி அதன் பின்னரே நிகழ்ந்தது. மாருத்தை அமைத்தோரின் அனுபவம் அடுத்த விமானத்துக்குக் கையளிக்கப்படவில்லை. இந்தியாவின் அடுத்த ஜெற் போர்விமானமான தேஜாசின் திட்டம் 1983இல் தொடங்கி, 2001ஆம் ஆண்டு ஜனவரியிலேயே அது பறந்தது. 1961க்கும் 2001க்கும் இடையில் நாற்பது ஆண்டுகள். தோல்வியைப் படிக்க வெட்கப்படும் சமூகம் அதே தோல்விக்கு இருமுறை விலை கொடுக்கின்றது.

வெட்கப்படாத எடுத்துக்காட்டும் அருகிலேயே உண்டு. இராமேசுவரத்தில் மரைக்காயர் குடும்பமொன்றிலே பிறந்து, சி. இராஜம் 1949இல் குரோம்பேட்டையில் நிறுவிய சென்னைத் தொழினுட்பக் கழகத்தில் விமானப் பொறியியல் கற்ற அப்துல் கலாமின் பொறுப்பிலிருந்த எஸ்எல்வி-3 ஏவுகணை 1979ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் திகதி வங்கக் கடலில் வீழ்ந்தது. அன்று நிருபர்களைச் சந்தித்துப் பொறுப்பை ஏற்றவர் அமைப்பின் தலைவரான சதீஷ் தவான். 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் திகதி அதே ஏவுகணை வெற்றிபெற்றபோது நிருபர் முன்னே கலாமை அவர் அனுப்பிவைத்தார். கல்முனை முதல் பொத்துவில் வரை எத்தனையோ வகுப்பறைச் சுவர்களில் கலாமின் படம் தொங்குகின்றது. கனவு காணுங்கள் என்பதை எழுதி அடியில் ஒட்டுகிறார்கள். 1979ஆம் ஆண்டை எழுதுவோர் எவரும் இல்லை.

கீழே நின்று கேட்டவர்கள்

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. மாருத் ஒரு போர்க்கருவி; பின்சாய்ந்த சிறகு போருக்காகவே வளர்ந்தது; ஜெற் விமானத்தின் ஓசையைக் கீழே நின்று கேட்ட மக்களிடம் அதன் பெருமையைப் பேசலாமா? நேர்மையான கேள்வி. இலங்கை விமானப்படை 1996இல் கிபிர் விமானங்களையும், 2000இல் மிக்-27 விமானங்களையும் பெற்றுப் போரில் ஈடுபடுத்தியது. மிக்-27இன் சிறகு பறக்கும்போதே சாய்வை மாற்றவல்லது. பெல் எக்ஸ்-5 ஆராய்ந்த அதே கருத்தின் வழிவந்தது. வடக்கிலும் கிழக்கிலும் பதுங்கு குழியில் இருந்து ஓசையைக் கொண்டே விமானத்தின் பெயரைச் சொல்லத் தெரிந்த சிறுவர் இருந்தனர். அவர்களுக்கு இக்கலை கவர்ச்சியானதன்று.

ஆயினும், இம்மறுப்பு முடிவாகக் காட்டுவது எதை? அறிவு குற்றமற்றதன்று என்பதை. அறிவை விட்டு விலகி நில் என்பதையன்று. குண்டு சுமந்த சிறகும், நோயாளிக்கு மருந்து கொண்டுவரும் சிறகும் ஒரே கணக்கின் பிள்ளைகள். எதற்காக அமைப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை, எவ்வாறு அமைப்பது என்று அறிந்தோரின் கையிலேயே முதலில் இருக்கின்றது. அறியாதோர் கீழே நின்று கேட்கவே முடியும். புராண விமானத்திலே பெருமை தேடுவோர், உண்மை விமானத்தின் நிழலிலேயே என்றும் நிற்கச் சமூகத்தைப் பழக்குகின்றனர்.

கரையோரத்தின் கணக்கு

இக்கரையோரத்துக்கு இது வெறும் வாதமன்று. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கி, ஏறத்தாழ இரண்டு மணிநேரம் கழிந்த பின்னரே ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கையின் மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை. பசுபிக் கடலுக்கு 1949ஆம் ஆண்டு முதல் எச்சரிக்கை நிலையம் ஹவாயில் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு அன்று அத்தகைய ஒழுங்கு எதுவும் இல்லை. அந்த இரண்டு மணிநேரத்தில் கரையோர மக்களுக்கு வேண்டியிருந்தது ஓர் அளவுகோலும், அது காட்டியதைச் சொல்ல ஒரு குரலும். பழம்பெருமை ஒரு நிமிட அவகாசத்தையேனும் பெற்றுத் தரவில்லை.

அளக்கத் தெரிந்தோரை உருவாக்கும் பணி எந்நிலையில் இருக்கின்றது? இலங்கையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி தரப் பாடசாலைகளிலேயே உண்டு. அவை மொத்தப் பாடசாலைகளுள் சிறுபகுதியே. சிறிய ஊர்களில் கணிதத்தில் ஆர்வமுள்ள பிள்ளை, பிரிவு இல்லாமையாலோ ஆசிரியர் இல்லாமையாலோ கலைப்பிரிவுக்குத் திருப்பப்படுகின்றது. அதே பிள்ளை கலைப்பீடத்துக்கு வந்து, விஞ்ஞானம் தனக்குரியதன்று என்று நம்பத் தொடங்குகின்றது. பின்னர் தமிழ்த்தின மேடையில் ஏறி, விஞ்ஞானம் முழுவதும் தமிழில் ஏற்கெனவே இருந்தது என்று முழங்குகின்றது. பறிக்கப்பட்ட வாய்ப்புக்குப் பதிலாகத் தரப்படும் பொம்மையே இந்தப் பெருமை. பொம்மையோடு விளையாடும் பிள்ளை வாய்ப்பைக் கேட்டு அழுவதில்லை; ஆள்வோருக்கு இதைவிட வசதி எது?

பழமையை நேசிப்பதற்கு வேறு வழியே இல்லையா? உண்டு; அது இதே வீதியில், காரைதீவில் பிறந்தது. விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானவர். பண்டைத் தமிழரிடம் யாழ் இருந்தது என்று முழங்கிவிட்டு அவர் அமர்ந்துவிடவில்லை. சிலப்பதிகாரத்தை எடுத்தார், நரம்புகளின் நீளத்தையும் சுருதிகளின் விகிதங்களையும் கணக்கிட்டார், அழிந்துபோன கருவியின் அமைப்பைக் கணிதத்தின் வழியே தேடினார். பல்லாண்டு உழைப்பின் பயனான ‘யாழ் நூல்’ 1947ஆம் ஆண்டில், அவர் மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் அரங்கேறியது. அவர் கணக்கிலே பிழை இருக்குமாயின் எவரும் அதைச் சுட்டிக்காட்டலாம்; அதற்கு இடம்வைத்தே அந்நூல் எழுதப்பட்டுள்ளது. விபுலாநந்தரைப் பழமைவாதி என்று எவரும் இகழ்ந்ததில்லை. விஞ்ஞானம் அறியாதவர் என்றும் இகழ்ந்ததில்லை. இலக்கியமும் கணக்கும் ஒரே மேசையில் இருந்தன.

தமிழ்ச் சங்கங்கள் செய்யவேண்டியது பெரிதன்று. விஞ்ஞானம் பற்றிப் பேச வருவோரிடம், எவர் அளந்தார், எப்போது, எங்கே, என்ன பிழைத்தது என்ற நான்கு கேள்விகளை எழுப்பினாலே போதும். மாருத்தின் கதை தமிழில் எழுதப்படட்டும். 78 பறப்புகளும் எதற்காக என்பது விளக்கப்படட்டும். கலைப்பீட மாணவன் கோசைன் என்ற சொல்லைக் கேட்டு முகத்தைத் திருப்பாதிருக்கட்டும். விஞ்ஞானப்பீட மாணவன் சிந்தாமணியைக் காவியமாகவே படித்து மகிழட்டும். வினாயகபுரத்துப் பிள்ளைக்கு வேண்டியது இராவணனின் விமானம் அன்று. ஒரு கணித ஆசிரியர், ஓர் ஆய்வுகூடம், பிழைவிட்டால் சிரிக்காத ஒரு வகுப்பறை. இவற்றைக் கேட்டுப் பெறாத மேடை முழக்கம் எத்தனை ஆண்டு தொடர்ந்தாலும், தோணி கரையிலேயே கிடக்கும்.